நின்றுகொண்டே இருக்கும் கால்கள்

ஆடிப்பெருக்கு அன்று காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனால் கால் வைக்க இடம் இருக்காது. காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி எல்லாவற்றையும் தட்டில் வைத்துக்கொண்டு பெண்கள் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியபடி தண்ணீரில் இறங்கி நிற்பார்கள். நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புண் கட்டியே பழகிய கண் என்பதால் தட்டுகளுக்கு முன்னால் எனக்குக் கால்கள்தான் தெரியும். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் முழங்கால் மடிப்புக்குப் பின்னால் சிவப்பும் ஊதாவுமாக மெல்லிய கோடுகள் பின்னிக் கிடக்கும். நாற்பதைத் தாண்டியவரின் கெண்டைக்காலில் சிரை விரல் கனத்துக்குப் புடைத்து, வளைந்து வளைந்து மேலேறும். பக்கத்தில் நிற்கும் அவருடைய அம்மாவுக்குக் கணுக்காலுக்கு மேலே உள்பக்கத்தில் தோல் கருத்து, இறுகி, மினுமினுக்கும். இவர்களில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "அது கிடக்கு, நரம்பு சுருட்டல்தானே."

கிடக்கட்டும் என்று விட்டதால் வந்த புண்களுக்கு டிரெஸ்ஸிங் செய்வதிலேயே என் பணிக்காலத்தில் பெரும்பங்கு போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் ஊரில் காலுக்கு இரண்டு தண்டனை உண்டு. முதலாளி முன்னால், வாடிக்கையாளர் முன்னால், பெரியவர்கள் முன்னால் உட்காரக் கூடாது என்று நிற்க வைக்கிறோம். நின்று நின்று கெட்ட காலை நாலு பேர் பார்க்கக் கூடாது என்று புடவையாலும் வேட்டியாலும் மூடி வைக்கிறோம். இரண்டையும் மரியாதை என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

முதலில் காலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இதயம் தள்ளும் இரத்தம் தமனி வழியாகக் கால் விரல் வரைக்கும் போய்ச் சேருவதில் சிரமமில்லை. திரும்பி வருவதுதான் பாடு. பாதத்திலிருந்து இதயம் வரைக்கும் நாலடி உயரம் ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்கு உதவுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சுருங்கி, உள்ளே ஓடும் ஆழ்சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகிறது. மேலே போனது மறுபடி கீழே இறங்காமல் இருக்க, சிரைகளுக்குள் வழிநெடுக வால்வுகள் இருக்கின்றன. இரண்டு மெல்லிய சவ்வுகள். மேலே போக விடும், கீழே வர விடாது. இத்தாலியின் பாதுவா நகரத்தில் ஃபாப்ரீசியஸ் என்ற உடற்கூற்று ஆசிரியர் 1603-இல் இந்த வால்வுகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, 1628-இல் இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது, ஆசிரியர் காட்டிய அந்த வால்வுகளையே சாட்சியாகக் கொண்டுவந்தார்.

திருச்சிக்காரர்களுக்கு முக்கொம்பு அணையை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் அடுத்தடுத்து இடிந்து வெள்ளத்தோடு போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். காலிலும் அப்படித்தான், ஒன்றோடு நிற்பதில்லை. தொடை இடுக்கில் ஒரு வால்வு பழுதானால், அது தாங்கிக்கொண்டிருந்த இரத்தத்தின் பாரம் அடுத்த வால்வின் மேல் இறங்குகிறது. சிரை விரிகிறது. விரிந்த சிரையில் இரண்டு சவ்வுகளும் ஒன்றையொன்று தொட முடியாமல் அந்த வால்வும் ஒழுக ஆரம்பிக்கிறது. தோலுக்கு அடியில் உள்கணுக்காலிலிருந்து தொடை இடுக்கு வரை ஓடும் பெரிய சாஃபினஸ் சிரையிலும், வெளிக்கணுக்காலிலிருந்து முழங்காலுக்குப் பின்புறம் வரை ஓடும் சிறிய சாஃபினஸ் சிரையிலும்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. அவற்றின் கிளைகள் புடைத்து நெளிந்து வெளியே தெரிவதைத்தான் வெரிகோஸ் என்கிறோம்.

ஒரு கணக்கை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் நிற்கும் ஒருவரின் பாதத்துச் சிரையில் அழுத்தம் 80 முதல் 100 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். அவர் நடக்கத் தொடங்கினால், வால்வுகள் நன்றாக இருக்கும் பட்சத்தில், அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். சித்திரை வீதியைச் சுற்றி நடக்கிறவரும் கடையில் ஒரே இடத்தில் நிற்கிறவரும் சாயங்காலம் "கால் வலிக்கிறது" என்றுதான் சொல்வார்கள். நடந்தவருடைய சிரைக்கு அடிக்கடி ஓய்வு கிடைத்திருக்கும். நின்றவருடையதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடைத்திருக்காது.

சிலந்தி வலை மாதிரி தெரியும் மெல்லிய கோடுகளைப் பற்றிப் பெண்கள் நிறையப் பயப்படுகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிதான குழாய்கள் அவை, தோலிலேயே இருப்பவை. அவற்றால் உயிருக்கோ காலுக்கோ ஆபத்து கிடையாது. அழகுக்காக வேண்டாம் என்று நினைத்தால் நுண்ணிய ஊசியால் மருந்து செலுத்தி மறையச் செய்யலாம். வேண்டாம் என்றால் அப்படியே இருக்கட்டும், யாரும் அவசரப்படுத்தினால் கேட்க வேண்டாம். ஆனால் அந்தக் கோடுகளோடு கால் கனம், சாயங்கால வீக்கம், இராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, கணுக்கால் அரிப்பு இவையெல்லாம் சேர்ந்திருந்தால் அடியில் பெரிய சிரை ஒழுகுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மூன்று மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விரிந்து புடைத்ததைத்தான் மருத்துவர்கள் சுருள்சிரை என்று கணக்கில் எடுப்பார்கள்.

யாருக்கு வருகிறது? பரம்பரைதான் முதலில். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு மிக அதிகம். அடுத்தது வயது. பெண்களுக்குப் பிள்ளைப்பேறு. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது, இரத்தத்தின் அளவு கூடுகிறது, வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. அப்போது புடைப்பவை பிரசவமாகிச் சில மாதங்களில் தானாகவே பெருமளவு வடிந்துவிடும் என்பதால் கர்ப்பத்தின்போது சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை. காலை இறுக்கிப் பிடிக்கும் அளவான ஸ்டாக்கிங்ஸும் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் போதும். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு வடியாமல் தங்கிவிடுவதும் உண்டு. உடல் பருமன், முன்பு ஆழ்சிரையில் கட்டிய இரத்தம் இவையும் காரணங்களே. இவற்றில் பல நம் கையில் இல்லை. நெடுநேரம் நிற்பதும் ஒரு காரணம்தான், ஆனால் அது நம் கையில், அதாவது நம்மை நிற்க வைக்கிறவர்கள் கையில் இருக்கிறது.

இந்த ஊரில் நிற்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். பரோட்டாக் கல்லுக்கு முன்னால் மாஸ்டர். பாலக்கரையில் போக்குவரத்துக் காவலர். சத்திரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே பஸ்ஸில் கண்டக்டர். பொன்மலைப் பணிமனையில் கடைசல் இயந்திரத்துக்கு முன்னால் நின்ற தலைமுறைகள். கரும்பலகைக்கு முன்னால் ஆசிரியை. அறுவை அரங்கில் எங்களைப் போன்ற செவிலியர். வீட்டுச் சமையலறையில் விடிகாலையிலிருந்து மேடைக்கு முன்னால் நிற்கும் பெண்ணை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை, அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மறக்காத கால் ஒன்று ஸ்ரீரங்கத்துச் சமையல்காரர் ஒருவருடையது. கல்யாணம், சீமந்தம், சிராத்தம் எதுவானாலும் அடுப்புக்கு முன்னால் நின்று ஊரையே சாப்பிட வைத்தவர். அறுபதை நெருங்கும் வயதில் டிரெஸ்ஸிங் அறைக்கு வந்தார். உள்கணுக்காலுக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஆழமில்லை, ஆனால் ஓயாமல் நீர் வடிந்தது. சுற்றிலும் தோல் கருத்து, பலகைபோல இறுகிவிட்டது. வேட்டியைத் தூக்கிக் காட்டவே அவர் கூச்சப்பட்டார். "சக்கரைப் புண்ணுன்னு சொல்லிட்டாம்மா. ஆறாதுன்னுட்டா. அதான் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டுண்டு, மேலே துணியைக் கட்டிண்டு வேலையைப் பார்த்துண்டிருந்தேன்" என்றார். எத்தனை வருடமாக என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். பந்தியில் பரிமாறப் போகும்போது யார் மூக்கிலும் வாடை படக் கூடாதென்று கூடுதலாக ஒரு துணி சுற்றிக்கொள்வாராம். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

இரத்தப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரையே இல்லை. காலில் ஆறாத புண் என்றாலே சர்க்கரைதான் என்று நம் ஊரில் முடிவு கட்டிவிடுகிறார்கள். சர்க்கரைப் புண் பெரும்பாலும் உள்ளங்காலிலும் விரல்களிலும், செருப்பு அழுத்தும் இடங்களிலும் வரும், வலி தெரியாது. தமனி அடைத்து வரும் புண் விரல் நுனியில் கருத்துப் போகும். படுத்தால் வலி கூடும், காலைத் தொங்கவிட்டால் குறையும். சிரையால் வரும் புண் உள்கணுக்காலுக்கு மேலே, ஓரம் ஒழுங்கற்று, ஈரமாக, கருத்த தோலுக்கு நடுவே இருக்கும். காலைத் தூக்கி வைத்தால் இதமாக இருக்கும். கருப்பு எங்கிருந்து வருகிறது என்றால், அழுத்தம் தாங்காமல் சிரையிலிருந்து கசிந்த சிவப்பணுக்கள் தோலில் உடைந்து விட்டுப்போன இரும்புச்சத்துதான் அது. அந்தத் தோல் எதையும் தாங்காது. மஞ்சள், பச்சிலை, கடையில் கேட்டு வாங்கிய களிம்பு என்று மாற்றி மாற்றிப் பூசினால் ஒவ்வாமை வந்து புண் இன்னும் பரவும். இதை நான் எத்தனையோ கால்களில் பார்த்திருக்கிறேன்.

ஒரு இளம் அறுவை மருத்துவர் அவரை டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பினார். வலியில்லாத பரிசோதனை. நிற்க வைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை கருவியை வைத்துப் பார்த்தால் இரத்தம் எந்த வால்வில் திரும்பி ஒழுகுகிறது, எவ்வளவு நேரம் ஒழுகுகிறது என்று திரையிலேயே தெரிந்துவிடும். பாதத்தின் மேல் நாடி நன்றாகத் துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகு, விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை அடுக்கடுக்காகப் பட்டைத்துணி கட்டினோம். கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. நாடி பார்ப்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்கும் தமனியிலேயே அடைப்பு இருக்கலாம். அந்தக் காலில் இறுக்கிக் கட்டினால் விரலே அழுகிப் போகும். ஆகவே மருந்துக் கடையில் தானாக வாங்கி இறுக்கமான உறை மாட்டிக்கொள்வது எல்லோருக்கும் பொருந்தாது.

வாராவாரம் கட்டுப் பிரித்தோம். புண்ணின் ஓரத்தில் வெள்ளையாகப் புதுத் தோல் வளர்ந்து உள்ளே வர ஆரம்பித்தது. பிறகு ஒழுகும் சிரைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அந்தக் காலத்தில் தொடை இடுக்கில் கீறிச் சிரையைக் கட்டி, உருவி எடுப்பதுதான் வழி. புண் மூடிக்கொண்டது. மனுஷர் அடுத்த முறை வந்தபோது வேட்டியை முழங்கால் வரை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

உருவி எடுக்கும் அந்த முறை இப்போது குறைந்துவிட்டது. 1990-களின் கடைசியிலிருந்து சிரையை உள்ளிருந்தே சூட்டால் மூடும் முறைகள் வந்தன. முழங்கால் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய இழையைச் சிரைக்குள் தொடை இடுக்குக்கு அருகில் வரை செலுத்துவார்கள். சிரையைச் சுற்றிலும் மரப்பு மருந்து கலந்த குளிர்ந்த திரவத்தை நிரப்புவார்கள். லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் சிரைச் சுவர் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம், நடக்கத்தான் சொல்வார்கள். மருந்தை நுரையாக்கி ஊசியால் செலுத்திச் சிரையை மூடுவது இன்னொரு முறை, பசை வைத்து ஒட்டுவது வேறொன்று. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சூட்டு முறை முதலில், அது பொருந்தாவிட்டால் நுரை ஊசி, அதுவும் பொருந்தாவிட்டால் அறுவை என்று வரிசை சொல்லியிருக்கிறது.

எல்லோரும் கேட்கும் கேள்வி, "சிரையை மூடிவிட்டால் இரத்தம் எந்த வழியாகப் போகும்?" என்பது. காலிலிருந்து திரும்பும் இரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு சதைக்குள் ஓடும் ஆழ்சிரைகள் வழியாகவே போகிறது. தோலடிச் சிரை பழுதானபின் அது இரத்தத்தைக் கொண்டுபோவதற்குப் பதில் திருப்பிக் கொட்டிக்கொண்டிருக்கிறது. மூடினால் ஆழ்சிரைக்குப் பாரம் குறையும். நெஞ்சு பைபாஸ் அறுவைக்குக் காலிலிருந்து எடுப்பதும் இந்தப் பெரிய சாஃபினஸையே. எடுத்தபிறகும் அவர்கள் நடமாடிக்கொண்டுதானே இருக்கிறார்கள்! மூடியபின் வேறு கிளையில் மறுபடி வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வந்தால் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்காக ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். சிரைப் புண் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் கட்டுப் போடுவதோடு உடனே சிரையை மூடும் சிகிச்சையும் செய்தார்கள். இன்னொரு பகுதியினருக்குப் புண் ஆறும்வரை காத்திருந்தார்கள். 2018-இல் வெளிவந்த அந்த ஆய்வில், உடனே செய்தவர்களுக்குப் புண் ஆறிய இடைநிலைக் காலம் 56 நாள், காத்திருந்தவர்களுக்கு 82 நாள். "முதலில் புண் ஆறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று எங்கள் வார்டுகளில் அடிக்கடி காதில் விழுந்த பேச்சு இனிச் செல்லாது. செலவுக்குப் பயந்தும் பலர் தள்ளிப்போடுகிறார்கள். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரத்தநாள அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போய், உங்களுக்குச் சொன்ன சிகிச்சை அதில் வருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி நிற்க வைக்கிறவர்களிடம் பேச வேண்டியது. தெப்பக்குளம், சின்னக்கடை வீதி, என்.எஸ்.பி. ரோடு பக்கம் தீபாவளிக்கு முந்தின வாரங்களில் ஜவுளிக் கடைக்குள் போயிருப்பீர்கள். நாம் உட்கார்ந்துகொண்டு, அந்தச் சிவப்பை எடு, இந்தப் பச்சையைக் காட்டு என்போம். எடுத்துக் காட்டும் பெண் நம் பேத்தி வயதில் இருப்பாள். துறையூர், முசிறி, மணப்பாறைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள். அப்படி ஒரு கடையில் ஒரு பெண் அடிக்கடி ஒரு காலின் மேல் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் இல்லாத நேரம்தான். "உக்காரேன்மா" என்றேன். "வேணாம் பாட்டி, உக்காந்தா கஸ்டமருக்கு மரியாதை இல்லம்பாங்க" என்றாள். கேட்டபிறகு சுடிதார் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். கெண்டைக்காலில் புடைப்பு நன்றாகவே தெரிந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு உட்கார உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவே இருக்கை வசதி செய்யச் சொன்னது. இங்கிலாந்தில் 1899-லேயே கடைப் பெண்களுக்கு, மூன்று பேருக்கு ஓர் இருக்கை வீதம் போட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நம் கடைக்காரப் பிள்ளைகள் அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நின்றார்கள். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் 'பெண்கூட்டு' என்று கடைத் தொழிலாளர் பெண்களைத் திரட்டினார். சிறுநீர் கழிக்க இடம் கேட்டார்கள், பிறகு உட்கார இடம் கேட்டார்கள். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்களை உட்கார விட வேண்டும் என்பதே அதன் சாரம். இந்தியாவில் இப்படிச் செய்த இரண்டாவது மாநிலம் நாம்.

அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைத் திரையில் காட்டிவிட்டது. பார்த்துக் கலங்கினோம். மறுநாள் அதே மாதிரிக் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டோம்.

சட்டம் வந்தபின் பல கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது, சந்தோஷம். சில இடங்களில் அதன்மேல் துணிக் கட்டு உட்கார்ந்திருக்கிறது. முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை: உங்கள் கடையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் எந்த வாடிக்கையாளரும் திரும்பிப் போக மாட்டார். வாடிக்கையாளருக்கும் ஒரு வார்த்தை: உள்ளே நுழையும்போது உட்கார்ந்திருக்கும் பெண் எழுந்தால், "உக்காருமா, நானே பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். சட்டத்தைவிட அந்தச் சொல் சீக்கிரம் பலிக்கும்.

உட்கார்ந்தே இருப்பதும் மருந்தில்லை. காலைத் தொங்கவிட்டபடி மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தாலும் கெண்டைக்கால் சதை வேலை செய்யாது. அந்த ஜவுளிக் கடைப் பெண்ணுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நிற்கும் இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. உட்கார்ந்தால் பாதத்தை மேலும் கீழும் அசை. அரைமணிக்கு ஒரு தரம் நாலடி நட. இராத்திரி கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்திக்கொள். உடம்பு எடையைப் பார். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் வரிசையில் மணிக்கணக்காக நிற்கிறவர்களும் இந்தக் குதிகால் வேலையைச் செய்யலாம். பெருமாள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மருத்துவர் ஸ்டாக்கிங்ஸ் எழுதிக் கொடுத்தால் அளவு எடுத்து வாங்க வேண்டும். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன், படுக்கையை விட்டு இறங்கும் முன்னாலேயே மாட்டிக்கொள்ள வேண்டும், இரவில் கழற்றிவிடலாம். முழங்கால் வரை உள்ளது பெரும்பாலானவர்களுக்குப் போதும். நம் ஊர் சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். நின்று வேலை செய்யும் நேரத்துக்காவது போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டால் சுலபம். ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும். அது ஒழுகும் வால்வைச் சரி செய்யாது. கசிவையும் வீக்கத்தையும் கட்டுக்குள் வைக்கும். நரம்புக்குச் சத்து என்று மருந்துக் கடையில் கொடுக்கும் வைட்டமின் மாத்திரைகளுக்கும் சுருள்சிரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பணத்தை ஒரு டாப்ளர் ஸ்கேனுக்குச் சேர்த்து வையுங்கள்.

இரண்டு சமயங்களில் மட்டும் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் கல்லாகி வலித்தால், அது ஆழ்சிரையில் இரத்தம் கட்டியதாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவிவிட ஆள் கூப்பிடாதீர்கள். கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் வந்து உயிரே போகும். நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, புடைத்த சிரை கணுக்கால் பக்கம் மெலிந்த தோலைப் பிய்த்துக்கொண்டு உடைவது. வெந்நீரில் குளிக்கும்போதோ கட்டில் காலில் இடித்துக்கொண்டபோதோ நடக்கும். வலி தெரியாது, ஆனால் இரத்தம் பீய்ச்சி அடிக்கும். பதறிப்போய் முழங்காலுக்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டுவார்கள். அது கூடாது. கீழே சிரையில் அழுத்தம் இன்னும் ஏறி இரத்தம் அதிகமாகத்தான் போகும். நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், காலை நெஞ்சுக்கு மேலே உயரும்படி தூக்கிப் பிடியுங்கள், உடைந்த இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் விடாமல் பத்து நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். இரத்தம் நின்றுவிட்டாலும் அப்படியே கட்டுப் போட்டு, படுத்த நிலையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒரு தரம் உடைந்த இடம் மறுபடியும் உடையும்.